எட்டுக்கு ஒன்பது

அந்த வருடம் எனக்கு எப்போதும் ஒரு மதிய நேரமாகத்தான் நினைவுக்கு வருகிறது. காலையும் சாயங்காலமும் இருந்திருக்கும், இல்லாமலா? ஆனால் கண்ணை மூடினால் வெயில் உச்சியிலேயே நிற்கிறது. வேப்ப இலைகளின் மேல் வெள்ளைக் களிமண் மாவு படிந்திருக்கிறது. ஜங்ஷனில் ரயில் வருவதைச் சொல்லும் குரல் காற்றில் கிளம்பி வந்து எங்கள் பள்ளிக்கூடத்து மதிலுக்குப் பக்கத்தில் அறுந்துபோகிறது. நான் யாரும் இல்லாத ஒரு வகுப்பறையின் ஜன்னல் கட்டையில் காலை மடக்கி உட்கார்ந்து, பூச்சு இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சுவரில் கண்ணாடிக் குழாய்களும் அலமாரிகளும் தெரிகின்றன. எனக்கு மட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான்காவதோ ஐந்தாவதோ வருடம். விருத்தாசலத்துக்கு வெளியே, செராமிக் கம்பெனிகளின் வரிசை முடிந்து முந்திரிக்காடு தொடங்கும் இடத்தில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. பத்தாவது வரைதான். பத்தாவது முடித்த பையன்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் படித்தார்கள். பெண்கள் பெரும்பாலும் கம்பெனிக்குப் போனார்கள். பொம்மைக்குக் கண் எழுதுவது, கப்புக்குக் காது ஒட்டுவது, அட்டைப்பெட்டியில் வைக்கோல் திணிப்பது. எங்கள் அம்மா பொம்மைக்குக் கண் எழுதுகிறவர். அப்பா அச்சுப் பிரிவு. பிளாஸ்டரில் அவர் செய்யும் அச்சுக்குள்தான் களிமண் குழம்பை ஊற்றி, தட்டு, கிண்ணம் எல்லாம் எடுப்பார்கள்.

நான் பத்தாவது எழுதிய அந்தக் கோடையில் பள்ளிக்கூடம் மேல்நிலைப் பள்ளியாகப் போகிறது என்று செய்தி வந்தது. பதினொன்றாவது, பன்னிரண்டாவது எல்லாம் இங்கேயே. முதல் செட் நாங்கள்தான். செய்தி கேட்ட நாளிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்னால் எனக்கு மஞ்சள் காமாலை வந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, ரத்தம் பார்க்கும் அறையில் ஓர் அக்கா மைக்ராஸ்கோப் குழாயில் ஒற்றைக் கண்ணை வைத்துக் குனிந்திருந்ததைப் பார்த்தேன். உலகத்தில் என்ன நடந்தாலும் கவலை இல்லை என்பதுபோல அப்படியே குனிந்திருந்தார். எனக்கு அந்தக் குனிவு வேண்டும். அதற்கு சயின்ஸ் குரூப் படிக்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். அப்பாவிடம் பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார்.

"சயின்ஸ் எடுக்கணும்ப்பா. இங்க இல்லன்னா டவுனுக்குப் போறேன்."

"அந்த பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறதெல்லாம் வாணாம்."

"அப்ப இங்க வந்துச்சுன்னா?"

"பாப்போம்" என்றார்.

அதே வாரம் பெயின்டிங் பிரிவு மேஸ்திரி வீட்டுக்கு வந்து, பெண்ணை வேலைக்கு அனுப்புகிறீர்களா என்று கேட்டார். அவருக்கும் அப்பா சொன்ன பதில் அதே "பாப்போம்"தான். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு நான் அறிந்த அர்த்தம் ஒன்றுதான். சைக்கிள் கேட்டபோது பாப்போம். சிதம்பரம் டூர் போகக் கேட்டபோது பாப்போம். இரண்டும் நடக்கவில்லை. அதனால் இதுவும் முடிந்த கதை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். என் குணம் அப்படி. எதிராளி வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லப்போவதையும் சேர்த்து நானே கோபப்பட்டுவிடுவேன்.

மே மாதத்தில் பெரிய டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டார். தலைமையாசிரியையைத்தான் எங்கள் தொழிற்பேட்டை முழுக்கப் பெரிய டீச்சர் என்று சொல்வோம். ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் வெள்ளை மாவோடு வந்த ஆண்களும் பெண்களும் பிள்ளைகளின் பெஞ்சுகளில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். டீச்சர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். வகுப்பு வந்துவிட்டது. ஆனால் லேப் இருந்தால்தான் சயின்ஸ் குரூப். அதிகாரி வந்து பார்ப்பார். தண்ணீர் வசதியோடு மேடை, தொட்டி, அலமாரி இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வருடம் வணிகவியல் மட்டும்தான்.

"நீங்க செய்யற பீங்கான் எங்கெங்கியோ போவுது. ஒங்க புள்ளைங்களுக்கு ஒரு தொட்டி வச்சுக் குடுக்க முடியாதா?" என்று கேட்டார்.

அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை. ஒருவர் தன் கம்பெனியில் குறை உள்ளதென்று செகண்ட்ஸாக ஒதுக்கிய டைல்ஸைக் கேட்டு வாங்குவதாகச் சொன்னார். இன்னொருவர் கொத்து வேலை. இன்னொருவர் குழாய். மூலையில் கழித்துப் போட்டிருந்த ஒரு சிங்க், விளிம்பில் சின்னப் புள்ளிதான் குறை, அதுவும் கிடைத்தது. மேடையில் அதற்கு ஓட்டை விட வேண்டுமே, அளவு யார் எடுப்பது? எல்லோரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். அளவு என்றால் பேட்டையில் அவர்தான். அப்பா தலையை ஆட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு வந்த மூன்று வாரங்கள் எனக்குத் தூக்கத்தில் நடந்தவைபோல இருக்கின்றன. கோடை லீவு. பள்ளிக்கூடம் காலி. ஒரே ஓர் அறையில் மட்டும் கொத்தனார் கரண்டி உரசும் சத்தம். நாங்கள் நாலைந்து பெண்கள் தண்ணீர் சுமந்தோம், டைல்ஸ் துடைத்தோம். ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று பூப்போட்டது, ஒன்றில் பூ தலைகீழ். அறை முழுக்க ஒட்டியபோது அது லேப் மாதிரி இல்லை, கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஈர சிமென்ட் வாசனையில் உட்கார்ந்து நான் எதையெதையோ கலக்கினேன், சூடாக்கினேன், குனிந்து பார்த்தேன். எல்லாம் வெறும் கையால். மதியத்தில் முந்திரிக்காட்டிலிருந்து காற்று வரும். அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவேன். எழுந்தால் கன்னத்தில் டைல்ஸின் கோடு பதிந்திருக்கும். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

அதிகாரி திங்கட்கிழமை வருகிறார் என்று தகவல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்க்கைப் பொருத்த எல்லோரும் கூடினார்கள். இரண்டு பேர் அதைத் தூக்கி மேடையின் ஓட்டையில் இறக்கினார்கள். அது உட்காரவில்லை. விளிம்போடு முழுசாக உள்ளே இறங்கி, கீழே குந்தியிருந்த கொத்தனாரின் மடியில் போய் விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை. முதலில் சிரிப்புதான் வந்தது எல்லோருக்கும். பிறகு யாரோ டேப்பை எடுத்து அளந்தார்கள்.

சிங்க் பதினாறு அங்குலம். ஓட்டை பதினெட்டு.

"எவ்ளோ சொன்னாரு?"

"பதினெட்டுன்னுதான் சொன்னாரு. நான் சீட்டுலயே எழுதி வச்சிருக்கேன்" என்றார் கொத்தனார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். களிமண் சாமான் சூளையில் வேகும்போது சுருங்கும். எட்டு அங்குலத்தில் தட்டு வேண்டுமென்றால் பச்சை மண்ணில் ஒன்பது அங்குலம் வைக்க வேண்டும். எட்டுக்கு ஒன்பது, பதினாறுக்குப் பதினெட்டு. பேட்டையில் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆகவே அப்பா சொன்னது பச்சை அளவு என்று எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

சூளை ஏற்றுகிற ஒருவர், அவர் மகனும் சயின்ஸுக்காகக் காத்திருந்தான், மெதுவாகத்தான் சொன்னார். "வெந்த சிங்க்க கையில வச்சிக்கிட்டு யாராச்சும் பச்ச அளவு சொல்லுவாங்களா? இருவது வருசமா அச்சு போடுறவரு. தெரியாமலா?"

இன்னொருவர் இன்னும் மெதுவாகச் சொன்னார். "பொண்ணு மேல படிக்கறதுல அவருக்கு இஷ்டம் இல்லைங்க."

அப்பா ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மூன்று வாரமாக நான் சுமந்த தண்ணீர், தலைகீழ்ப் பூக்கள், அந்த ஆஸ்பத்திரி அக்காவின் குனிந்த முதுகு எல்லாம் அந்த ஓட்டை வழியாகப் போய்விட்டதுபோல இருந்தது.

"வேணும்னேதானப்பா பண்ண?" என்று கத்தினேன். "நான் படிக்கக் கூடாது, அதுக்குத்தான பண்ண? நீதான் கெடுத்த!"

அறையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, அப்பா எழுந்து எங்கேயோ போய்விட்டிருந்தார். நானும் அம்மாவும் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தோம். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மங்கலம்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் பாய். எங்கள் பேட்டையிலேயே இரண்டு தையல்காரர்கள் இருக்கும்போது இவர் எதற்கு இங்கே என்று பார்த்தோம். கையில் ஒரு பொட்டலம்.

"அண்ணன் இல்லீங்களா? நேத்தே வரேன்னாரு. ஆளக் காணோம். அதான் இந்தப் பக்கம் வந்தவன் குடுத்துட்டுப் போலாம்னு."

அம்மா பிரித்தார். நீலக் கட்டம் போட்ட சுடிதார், வெள்ளைத் துப்பட்டா. பதினொன்றாவதுக்கு இனிமேல் பாவாடை தாவணி கிடையாது, சுடிதார்தான் என்று பெரிய டீச்சர் அறிவித்திருந்த அதே துணி.

"எப்பக் குடுத்தாரு?" என்று அம்மா கேட்டார்.

"பத்தாவது ரிசல்ட்டு வந்துச்சில்ல, அதுக்கு மறுநாளே வந்துட்டாருங்க. டீச்சர்கிட்ட கலர் கேட்டு துணியையும் எடுத்துட்டு வந்தாரு. வூட்டுல சொல்லாதீங்க, இங்க சயின்ஸு குரூப்பு உறுதியாவட்டும்னாரு. அது ஆசப்பட்டு, அப்புறம் இல்லன்னு ஆயிட்டா தாங்காதுன்னாரு."

நான் மேல்சட்டையை எடுத்து உதறித் தோளில் வைத்துப் பார்த்தேன். தோள் இறங்கித் தொங்கியது. கை முழங்கையைத் தாண்டிப் போயிற்று. கீழே கிட்டத்தட்டக் கணுக்காலை எட்டியது. அதற்குள் என்னோடு இன்னொரு நானும் ஏறி நிற்கலாம்.

பாய் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "வளர்ற புள்ள, ரெண்டு வருசத்துக்குச் சேத்து தைக்கச் சொல்றாருன்னு நெனச்சேன். அவரு குடுத்த அளவுதாம்மா. இந்தா பாரு." பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் கையெழுத்து. கொடியில் காய்ந்த என் சட்டையையும் பாவாடையையும் வைத்து, யாருக்கும் தெரியாமல் எடுத்த அளவு. கை ஒன்பது. உயரம் நாற்பத்தைந்து.

அம்மா டேப்பை எடுத்துவந்து என் மேல் வைத்தார்.

"கை எட்டு" என்றார். டேப்பைத் தோளிலிருந்து கீழே இறக்கி, "உயரம் நாப்பது" என்றார்.

எட்டு, ஒன்பது. நாற்பது, நாற்பத்தைந்து. பெற்ற மகளையே அந்த மனிதர் சூளைக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். கண் எட்டு என்று படித்தால் கை ஒன்பது என்று எழுதிவிடுகிறது. இருபது வருடம் அதே வேலை. அவருக்குத் தெரியவே தெரியாது, தான் கூட்டுகிறோம் என்று. அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அப்பாவைத் தேடி ஓடினேன். கம்பெனியில் இல்லை. பள்ளிக்கூடத்தில், அந்த அறையில், தனியாக மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உடைந்த டைல்ஸ் துண்டுகளை ஓட்டையின் உள் ஓரத்தில் சுற்றிலும் வரிசையாக அடுக்கி சிமென்ட் வைத்து, ஓட்டையைச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தார். டேப்பை என் பக்கம் நீட்டினார்.

"நீ அளந்து சொல்லு. எனக்கு இனிமே நம்பிக்கை இல்ல."

நான் அளந்து சொன்னேன். அவர் நான் சொன்னதை மட்டும் பென்சிலால் குறித்தார். பதினேழரை. இன்னும் ஒரு வரிசை. பதினாறே முக்கால். இன்னும் ஒரு வரிசை. அந்த மதியம் முழுக்க அப்படியே போயிற்று. எங்கள் இரண்டு பேர் கையும் சிமென்ட்டில் வெள்ளையாகி, எது யார் கை என்று தெரியாமல் இருந்தது. வெளியில் வெயில் அசையவில்லை. நான் எண்களைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்து வேலை செய்கிறேனே, அதுவே போதும், அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். வாய் கிழியப் பேசுகிறவளுக்கு அன்றைக்குப் பார்த்து மௌனம் வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். சிங்க் உட்கார்ந்திருந்தது. குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது, போயிற்று. சிங்க்கைச் சுற்றி வளையம் வளையமாக ஓடிய டைல்ஸ் துண்டுகளைக் குனிந்து பார்த்து, "இது என்ன?" என்றார்.

"டிசைன் சார்" என்றார் பெரிய டீச்சர், கண் இமைக்காமல்.

பத்து நாளில் அனுமதி வந்துவிட்டது. சயின்ஸ் குரூப் உண்டு.

சேர்க்கை அன்று பள்ளிக்கூடத்தில் திருவிழாக் கூட்டம். லேப் கட்டிய அதே ஆட்கள், அதே சூளைக்காரர், அதே கொத்தனார், அவரவர் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். என் முறை வந்தது. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தேன். பெரிய டீச்சர் படித்துவிட்டு, "அப்பா கையெழுத்து எங்க?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா உள்ளே வரவே இல்லை. வாசலுக்கு வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். அம்மா போய்க் கூப்பிட்டார். அப்பா மெல்லத்தான் பேசினார், ஆனால் வரிசை முழுக்கக் கேட்டது.

"நீயே போட்டுடு. நான் போட்டா நல்லா இருக்காது. நான்தான் கெடுத்தேன்னு அத்தினி பேரு முன்னாடி சொல்லிச்சில்ல அது. நான் எந்தக் கையால போடுறது?"

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். இரண்டு வாரமாக என்னோடு சாப்பிட்டு, என்னோடு தொட்டி பொருத்தி, அதிகாரி போன அன்று எனக்குப் பக்கோடா வாங்கி வந்த மனிதர், அந்த ஒரு வாக்கியத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டேதான் இவ்வளவும் செய்திருக்கிறார். புரியும் என்று நான் நினைத்தது எதுவும் அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னால்தானே புரியும்.

வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

"நான் சொன்னது தப்புப்பா" என்றேன். குரல் சின்னதாக வந்தது. அது போதாது என்று எனக்கே தெரிந்தது. மூச்சை இழுத்து, சூளைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். "எங்கப்பா எதையும் கெடுக்கல. ரிசல்ட்டு வந்த மறுநாளே எனக்கு யூனிபார்ம் தைக்கக் குடுத்துட்டாரு. அதுலயும் எட்டுக்கு ஒம்பதுதான் எழுதியிருக்காரு. நான்தான் அறிவுகெட்டத்தனமா பேசிட்டேன். என்ன மன்னிச்சிடுப்பா. வந்து கையெழுத்துப் போடு."

யாரோ "அட" என்றார்கள். சூளைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார், துண்டில் துடைத்தார், உள்ளே வந்தார். டீச்சர் பேனாவைக் கொடுத்தார். எங்கே போடுவது என்று அப்பா கேட்டார், நான் விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல் போட்டார்.

போட்டு முடித்த பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இன்னும் எங்கனா போடணுங்களா டீச்சர்?" என்று கேட்டார்.